அந்நியச் செலாவணியும் ஒரு ஜோடி பூட்ஸும்

டிசம்பர் பிறந்துவிட்டால் டெல்லித் தமிழர் வீடுகளில் ஒரு சடங்கு உண்டு. கட்டிலுக்கு அடியில் ஒன்பது மாதம் தூங்கிய ரஜாய், ஸ்வெட்டர், மஃப்ளர் எல்லாவற்றையும் எடுத்து பால்கனி வெயிலில் காயப்போடுவது. வீடு முழுக்க பாச்சை உருண்டை வாசனை அடிக்கும். எங்கள் முனீர்கா வீட்டிலும் இந்த வருடம் அது நடந்தது. கூடவே ஒரு புதுப் பிரச்சினையும் வந்தது.

கல்லூரியில் படிக்கும் மகன், செமஸ்டர் முடிந்ததும் நண்பர்களோடு கேதார்காந்தா மலை ஏறப் போவதாக அறிவித்தான். உத்தரகாண்டில் இருக்கும் மலை, உயரம் 12,500 அடி. டிசம்பரில் நல்ல பனி இருக்கும். கையில் ஒரு பட்டியல். தெர்மல், ஃப்ளீஸ், இறகு ஜாக்கெட், மழைக்கோட்டு, டிரெக்கிங் பூட்ஸ், கம்பளி சாக்ஸ், இரண்டு வகைக் கையுறை, கெய்ட்டர், கறுப்புக் கண்ணாடி, ஊன்றுகோல்... பத்தொன்பது ஐட்டம்.

"எவ்வளவுடா ஆகும்?"

"முப்பத்தெட்டாயிரம்ப்பா. டிஸ்கவுண்ட் போக."

தங்கமணி என்னைப் பார்த்தார். நான் பட்டியலைப் பார்த்தேன். பி.காம். படித்துவிட்டு இருபது வருடமாக வங்கியில் வவுச்சர் பார்க்கிறவனுக்கு எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் வரும். இதில் எது அவசியம், எது அலங்காரம்?

எனக்குத் தீர்ப்பு சொல்லத் தகுதி உண்டா என்றால், ஒரு வகையில் உண்டு. டெல்லிக்கு மாற்றலாகி வந்த புதிதில், 2007 ஜனவரியில், பிரம்மச்சாரி நண்பர்கள் நான்கு பேர் சோப்தா போனோம். நான் போட்டிருந்தது ஜீன்ஸ், பருத்தி பனியன், அதன் மேல் இரண்டு ஸ்வெட்டர், காலில் கேன்வாஸ் ஷூ. ஏறும்போது வியர்த்தது. பனியன் நனைந்தது. நின்றதும் அந்த ஈரம் ஐஸாக முதுகில் ஒட்டியது. ஷூவுக்குள் பனி புகுந்து கால் விரல்களில் உணர்ச்சியே இல்லை. டீக்கடைக்காரர் ஒருவர் ஷூவைக் கழற்றச் சொல்லி, என் கால்களைத் தன் கம்பளிக்குள் வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். விரல்கள் பிழைத்தன. இன்றும் டெல்லிக் குளிரில் இடது கால் சுண்டுவிரல் முதலில் மரத்துப்போய் அந்த நாளை ஞாபகப்படுத்தும்.

ஆகவே 'பேசாமல் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுப் போ' என்று சொல்ல வாய் வரவில்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டு மகனை அழைத்துக்கொண்டு பெனிட்டோ ஹுவாரெஸ் சாலைக்குப் போனேன். டௌலா குவாம் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோ தூரம். அங்கேதான் ஐ.எம்.எஃப். இருக்கிறது.

வங்கிக்காரனுக்கு ஐ.எம்.எஃப். என்றால் வாஷிங்டன் ஞாபகம்தான் வரும். இது வேறு. இந்தியன் மவுண்டனீரிங் ஃபவுண்டேஷன். செயற்கைப் பாறைச் சுவர் இருக்கிறது, பிள்ளைகள் பல்லி மாதிரி ஏறிக்கொண்டிருப்பார்கள். உள்ளே ஒரு காட்சியகம். பழைய மலையேற்றச் சாமான்களையும் புகைப்படங்களையும் பார்த்துவிட்டு வந்த பிறகு, ஒரு மாதமாக இதைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததில் எனக்குப் பிடிபட்ட விஷயம் இது: பனியில் ஒருவன் என்ன உடுத்துகிறான் என்பதைப் பெரும்பாலும் மலை தீர்மானிப்பதில்லை. யாரோ ஒருவர் மேஜையில் இருக்கும் கணக்குப் புத்தகம் தீர்மானிக்கிறது.

சிரிப்புக்கு ஆளான கோட்டு

1922-ல் எவரெஸ்டுக்கு வந்த ஆங்கிலேயக் குழுவில் ஜார்ஜ் ஃபிஞ்ச் என்று ஒருவர். ஆஸ்திரேலியாவில் பிறந்த வேதியியல்காரர். மற்றவர்கள் கம்பளியும் கேபர்டீன் துணியும் போட்டுக்கொண்டு கனவான்களாக மலை ஏற, இவர் மட்டும் பலூன் செய்யும் துணிக்குள் வாத்து இறகை அடைத்து ஒரு கோட்டு தைத்துக்கொண்டு வந்தார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். குளிர் ஏறியதும் சிரிப்பு பொறாமையானது. அந்த வருடம் மே மாதம் ஆக்ஸிஜன் துணையோடு ஃபிஞ்ச்சும் ஜெஃப்ரி புரூஸும் 27,300 அடி வரை போனார்கள். அதுவரை மனிதன் தொடாத உயரம். இன்றைக்கு மகன் பட்டியலில் இருக்கும் 'இறகு ஜாக்கெட்'டுக்கு அந்தக் கோட்டுதான் பாட்டனார்.

நம் ஊர்த் தொடர்பும் உண்டு. இதே ஃபிஞ்ச் 1952 முதல் 1957 வரை புனேயில் நம் தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தார்!

அடுத்தது பூட்ஸ். முன்பெல்லாம் தோல் பூட்ஸின் அடியில் இரும்பு ஆணி அடித்திருப்பார்கள். பனியில் பிடிக்கும், ஆனால் இரும்பு குளிரை நேராகக் காலுக்குக் கடத்தும். 1935-ல் இத்தாலியில் புன்டா ராசிகா என்ற மலையில் ஆறு பேர் குளிரில் சிக்கி இறந்தார்கள். அவர்கள் தோழர் விடாலே பிரமானி அதற்குப் பிறகு ஆழமான வரிப்பள்ளம் வெட்டிய ரப்பர் அடித்தட்டை உருவாக்கினார். வைப்ரம் என்று பூட்ஸுக்கு அடியில் மஞ்சள் முத்திரை பார்த்திருப்பீர்கள். அவர் பெயரின் சுருக்கம்தான் அது.

இப்படி ஒவ்வொரு ஐட்டத்துக்குப் பின்னாலும் ஒரு சாவோ ஒரு அவமானமோ இருக்கிறது.

டென்சிங் போட்டிருந்தது

1953 மே 29 காலை டென்சிங் நார்கே எவரெஸ்ட் உச்சிக்குக் கிளம்பியபோது என்ன போட்டிருந்தார்? தன் வரலாற்றில் அவரே சொல்லியிருக்கிறார். பூட்ஸ், முந்தைய வருடம் சுவிஸ் குழுவோடு போனபோது கிடைத்தது. காற்றைத் தடுக்கும் ஜாக்கெட், ஆங்கிலேயக் குழு கொடுத்தது. சாக்ஸ், மனைவி ஆங் லாமு பின்னியது. ஸ்வெட்டர், டார்ஜிலிங்கில் ஹிமாலயன் கிளப்பைச் சேர்ந்த ஒரு அம்மையார் கொடுத்தது. கம்பளிக் குல்லா, 1947-ல் கூட வந்த ஏர்ல் டென்மன் விட்டுப்போனது. கழுத்தில் சிவப்பு ஸ்கார்ஃப், சுவிஸ் நண்பர் ரேமண்ட் லாம்பேர் கொடுத்தது.

உலகத்தின் உச்சியில் நின்ற மனிதன் தலை முதல் கால் வரை மற்றவர்கள் கொடுத்ததைத்தான் அணிந்திருந்தார். ஆனால் எதைப் போடுவது, எதை விடுவது என்று தேர்ந்தெடுத்தது அவர். கையிலிருந்ததில் நம்பகமானதைப் பொறுக்கினார். சாக்ஸுக்கு மனைவியை நம்பினார். புத்திசாலி :-)

அடுத்த வருடம், 1954 நவம்பரில், டார்ஜிலிங்கில் ஹிமாலயன் மலையேற்றப் பயிற்சிக் கழகம் தொடங்கியது. நேருவின் முயற்சி. முதல்வர் மேஜர் நரேந்திர தர் ஜயால், களப்பயிற்சிக்கு டென்சிங். ஆட்கள் தயாராக ஆரம்பித்தார்கள். சாமான்?

கையில் காசு இல்லாத காலம்

இந்த இடத்தில் நான் படித்த காமர்ஸ் உதவிக்கு வருகிறது.

இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் 1956-ல் தொடங்கியது. உருக்காலைகள், கனரக இயந்திரங்கள் என்று எல்லாவற்றுக்கும் வெளிநாட்டு இறக்குமதி. யுத்த காலத்தில் சேர்ந்திருந்த ஸ்டெர்லிங் கையிருப்பு மளமளவென்று கரைந்தது. நிதியமைச்சர் நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு வந்தது. ரிசர்வ் வங்கி சட்டப்படி வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்சக் கையிருப்பே 1957-ல் 200 கோடி ரூபாயாகக் குறைக்கப்பட்டது. அதில் 115 கோடி தங்கம். வங்கித் தேர்வு எழுதியவர்களுக்கு இந்த எண் மனப்பாடமாக இருக்கும். ஏன் குறைத்தார்கள் என்பதைத்தான் யாரும் சொல்லித்தரவில்லை. கையில் இல்லை, அதனால் குறைத்தார்கள். அந்த வருடம் வாஷிங்டன் ஐ.எம்.எஃப்.பிடம் இந்தியா கடனும் வாங்கியது.

அதே 1957-ல்தான் நம் டெல்லி ஐ.எம்.எஃப்.புக்கும் விதை விழுந்தது. பம்பாய் வழக்கறிஞர் கேகி பன்ஷா, சோ ஒயூ என்ற 26,000 அடிக்கு மேற்பட்ட சிகரத்துக்கு ஒரு இந்தியக் குழுவைக் கொண்டுபோக விரும்பினார். அதற்காக டெல்லியில் ஒரு ஏற்பாட்டுக் குழு அமைந்தது. பின்னால் அதுவே ஃபவுண்டேஷன் ஆனது. 1958 மே 15-ம் தேதி சோனம் கியாட்சோவும் பசாங் தாவா லாமாவும் உச்சியைத் தொட்டார்கள். ஆனால் அந்தப் பயணத்தில் மேஜர் ஜயால் இறந்துபோனார். பின்னால் வந்து சேர்ந்தவர், வேகமாக மேலே ஏறியதில் உயர நோய் தாக்கியது. எவ்வளவு நல்ல உடை இருந்தாலும், உடம்பு உயரத்துக்குப் பழக நாள் கொடுக்க வேண்டும். மகனிடம் இதை இரண்டு முறை சொன்னேன்.

அடுத்த இலக்கு எவரெஸ்ட். 1960-ல் பிரிகேடியர் கியான் சிங் தலைமையில் முதல் இந்தியக் குழு. ஐரோப்பாவில் நல்ல சாமான் கிடைக்கும். வாங்க பவுண்டும் பிராங்கும் வேண்டும். அது உருக்காலைக்கே போதவில்லை. ஆகவே பெரும்பாலான உடைகளையும் சாமான்களையும் உள்நாட்டிலேயே செய்வதென்று முடிவானது. பாதுகாப்புத் துறையின் தொழிற்சாலைகள் களத்தில் இறங்கின.

அன்றைக்கு அந்தக் குழுவுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். இதுவரை எவரெஸ்டில் சோதித்திராத தையல், சோதித்திராத துணி. பரிசோதனைக் கூடமும் எவரெஸ்ட்தான். 1960 மே 25 அன்று சோனம் கியாட்சோ, நவாங் கோம்பு, கேப்டன் நரேந்திர குமார் மூவரும் 28,300 அடி வரை போனார்கள். உச்சிக்கு இன்னும் சுமார் 700 அடி. நம் குதுப் மினாரை மூன்று அடுக்கினால் வரும் உயரம். பனிப்புயல் திருப்பி அனுப்பிவிட்டது. மூவரும் உயிரோடு இறங்கினார்கள். முதல் தடவை தைத்த உடைக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேறென்ன வேண்டும்?

அடுத்த வருடம் நீலகண்ட மலையில் நரேந்திர குமார் பனிக்கடியால் நான்கு கால்விரல்களை இழந்தார். அவரை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

1962: இரண்டு உயரங்கள்

என்னைத் தூங்கவிடாத வருடம் இது.

1962 மே மாதம், மேஜர் ஜான் டயஸ் தலைமையில் இரண்டாவது எவரெஸ்ட் குழு. சோனம் கியாட்சோ, ஹரி டாங், எம்.எஸ். கோஹ்லி மூவரும் கடைசி முகாமில் மூன்று இரவுகள் தங்கி 28,600 அடி வரை போனார்கள். உச்சிக்கு ஏறக்குறைய 400 அடி. மறுபடியும் வானிலை. மறுபடியும் உயிரோடு திரும்பினார்கள்.

ஐந்து மாதம் கழித்து, அதே 1962 அக்டோபர் 20. நாம்கா சூ ஆற்றங்கரையில் நம் சிப்பாய்கள். அவர்களில் பலர் போட்டிருந்தது பருத்திச் சீருடையும் கேன்வாஸ் ஷூவும். சமவெளியிலிருந்து அவசரமாக மேலே அனுப்பப்பட்டவர்கள். சண்டைக்கு முன்பே குளிர் அவர்களைத் தின்ன ஆரம்பித்திருந்தது.

பனியில் மனிதன் எதைப் போட்டால் பிழைப்பான் என்பது டெல்லிக்கு மே மாதமே தெரியும். ஒரு சிறு குழுவுக்கு அது கிடைத்தது, ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கிடைக்கவில்லை. மலையேறி தானாக விரும்பிப் போகிறவன், சாமானைச் சரிபார்த்துக் கிளம்புகிறவன். சிப்பாய்க்கு அந்த உரிமை கிடையாது. ஸ்டோரில் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு சொன்ன இடத்துக்குப் போக வேண்டும். சோப்தாவில் நான் கேன்வாஸ் ஷூ போட்டது என் முட்டாள்தனம். அவர்கள் போட்டது அவர்கள் முட்டாள்தனம் அல்ல.

மூன்று வருடம் கழித்து, 1965 மே 20 முதல் 29 வரை, கோஹ்லி தலைமையிலான குழுவில் ஒன்பது பேர் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். கடைசியாக ஏறியவர்களில் ஒருவர் ஹெச்.பி.எஸ். அலுவாலியா. சில மாதங்களில் பாகிஸ்தான் போரில் குண்டடிபட்டுச் சக்கர நாற்காலியில் அமர்ந்தார். பிறகு வசந்த் குஞ்சில் முதுகுத்தண்டுக் காயங்களுக்கான மருத்துவமனையை உருவாக்கினார். அந்தப் பக்கம் போகும்போது அவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை முதல் நாள்

விரல்களை இழந்த நரேந்திர குமார் மலையை விடவில்லை. 1978-லும் 1981-லும் சியாச்சென் பனிமலைக்குக் குழுக்களைக் கொண்டுபோனார். அவர் வரைந்து கொண்டுவந்த வழிகளும் படங்களும் 1984-ல் ராணுவத்துக்கு உதவின.

சியாச்செனுக்குப் படை அனுப்பும் முன் குளிர் உடை வேண்டும். ஐரோப்பாவில் ஆர்டர் கொடுக்கப் போனபோது, பாகிஸ்தானும் அதே மாதிரி உடைகளுக்கு ஆர்டர் கொடுத்திருப்பது தெரியவந்தது, அதனால்தான் அவசரம் பிடித்தது என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. உடைகள் வந்து சேர்ந்தது கடைசி நேரத்தில் என்றும் எழுதியிருக்கிறார்கள். 1984 ஏப்ரல் 13 அன்று, நம் சித்திரை ஒன்றாம் தேதி, ஹெலிகாப்டர்கள் பிலாஃபோண்ட் லா கணவாயில் வீரர்களை இறக்கின. அன்று முதல் இன்று வரை அங்கே நம் ஆட்கள் இருக்கிறார்கள். எதிரியைவிடக் குளிரும் உயரமும்தான் அதிகம் பேரைக் கொன்றிருக்கின்றன.

2016 பிப்ரவரி 3. மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் இருந்த முகாம் மீது பனிச்சரிவு விழுந்தது. நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் உயிரோடு மீட்கப்பட்டு டெல்லி ராணுவ மருத்துவமனைக்கு வந்தார். எங்கள் கிளையில் கவுண்டர் வேலைக்கு நடுவிலும் எல்லோரும் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிப்ரவரி 11-ம் தேதி அவரும் போய்விட்டார். அந்தப் பனிச்சரிவிலிருந்து எந்த உடையும் யாரையும் காப்பாற்றியிருக்காது. அதையும் இதையும் முடிச்சுப்போட நான் விரும்பவில்லை.

ஆனால் வேறொரு ஆவணத்தைச் சொல்லியாக வேண்டும். 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை. உயரமான மலைப்பகுதிப் படைகளுக்கான உடைகளும் சாமான்களும் வாங்குவதில் நான்கு வருடம் வரை தாமதம். பனிக் கண்ணாடியில் 62 முதல் 98 சதவீதம் வரை பற்றாக்குறை. 2015 நவம்பரிலிருந்து 2016 செப்டம்பர் வரை பல்நோக்கு பூட்ஸ் வரவே இல்லை, பழைய பூட்ஸையே மறுபடி பயன்படுத்தினார்கள். அது பழைய நிலவரம், பிறகு சரிசெய்தாகிவிட்டது என்று ராணுவத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். இருக்கலாம். தணிக்கை அறிக்கை எப்போதும் நடந்து முடிந்ததைத்தான் சொல்லும். ஆனாலும் 1957-ல் 'கையில் டாலர் இல்லை' என்று சொல்ல முடிந்தது. 2016-ல் நம் கையிருப்பு 35,000 கோடி டாலருக்கு மேல். காசு இருந்தது, கோப்பு நகரவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்சம் நல்ல செய்தியும் உண்டு. 2021 டிசம்பரில் டி.ஆர்.டி.ஓ. தான் உருவாக்கிய மூன்றடுக்குக் குளிர் உடையின் தொழில்நுட்பத்தை ஐந்து இந்திய நிறுவனங்களுக்குக் கொடுத்தது. பிளஸ் 15 டிகிரி முதல் மைனஸ் 50 வரை அடுக்கைக் கூட்டிக் குறைத்துப் போட்டுக்கொள்ளலாம். 1960-ல் தொடங்கிய வேலை அறுபது வருடம் கழித்து மறுபடி தொடங்கியிருக்கிறது.

சரி, பையன் பட்டியல் என்ன ஆச்சு?

அப்பாவும் மகனும் உட்கார்ந்து மூன்றாகப் பிரித்தோம்.

ஒன்று, சொந்தமாக வாங்க வேண்டியவை. பூட்ஸ், சாக்ஸ், தெர்மல், கையுறை. உடம்பை ஒட்டி இருப்பவை. பூட்ஸை மாலை நேரத்தில், தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு போய் அளவு பார்த்து வாங்கினோம். இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் நின்று விரல் சீக்கிரம் உறையும். இரண்டு வாரம் வீட்டிலிருந்து மெட்ரோவுக்கு அதையே போட்டு நடந்து பழக்கினான்.

இரண்டு, வாடகைக்கு எடுக்க வேண்டியவை. இறகு ஜாக்கெட், கெய்ட்டர், ஷூவில் மாட்டும் முள் சங்கிலி, ஊன்றுகோல். மலையடிவாரக் கிராமமான சாங்கரியிலேயே கிடைக்கும். வருடத்தில் ஐந்து நாள் தேவைப்படுவதற்கு முதல் போடக் கூடாது.

மூன்று, விட வேண்டியவை. முதலில் ஜீன்ஸ். அப்புறம் பருத்தி பனியன். பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாது. கம்பளி ஈரமானாலும் ஓரளவு கதகதப்பு தரும். பட்டியலில் இருந்த ஏழு அலங்கார ஐட்டங்களையும் அடித்தோம்.

மொத்தம் பதினான்காயிரத்துச் சொச்சம். பில்லைப் பார்த்த தங்கமணி முகத்தில் வெகுநாள் கழித்து என்மேல் ஒரு மரியாதை தெரிந்தது.

2023 மே 23 அன்று முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் ஏறி, அந்த உச்சியை அடைந்த முதல் தமிழ்நாட்டுப் பெண் ஆன பிறகு, நம் வீடுகளில் இந்த ஆசை அதிகமாகியிருக்கிறது. நல்லதுதான். பிள்ளைகள் கேட்டால் 'நமக்கெல்லாம் எதுக்கு மலை' என்று தட்டிவிடாதீர்கள். கேட்டதையெல்லாம் வாங்கியும் தராதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பட்டியலைப் பிரியுங்கள். எதைப் போடுவது என்று தேர்ந்தெடுக்க முடிவதே எவ்வளவு பெரிய வசதி என்பதையும் போகிற போக்கில் சொல்லிவையுங்கள்.

பி.கு: கும்பகோணத்திலிருந்து அம்மா போன். "என்னமோ பூட்ஸு வாங்கினேளாமே, குழந்தைக்கு மங்கி குல்லா வச்சியாடா?" வைத்தேன்மா. 1854-ல் கிரிமியாவில் பாலக்ளாவா என்ற ஊரில் ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கு ராணுவ உடைகள் நேரத்துக்கு வந்து சேராமல், வீடுகளிலிருந்து பின்னி அனுப்பிய குல்லாதான் அது. அவர்கள் கணக்குப் புத்தகமும் அப்படித்தான் இருந்திருக்கிறது. மகன் நேற்று ராத்திரி டேராடூன் பஸ் ஏறினான். குல்லாவைப் பையின் மேல்பக்கமே வைத்திருக்கிறேன்.